கடற்கரை ஊரில் கமரா வைத்திருப்பவர்களுக்கு

மாரி முடிந்து வெயில் தலைகாட்டிய ஒரு தைமாதக் காலையில்தான் அதைக் கண்டேன். இரண்டு மாதமாகப் பெரிதாக வேலை ஒன்றும் இருக்கவில்லை. 85 மில்லிமீற்றர் லென்ஸ் அதன் தோல் உறைக்குள், அலுமாரியில், உடுப்புகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் ஒன்றுக்குக் கொண்டுபோக முன் கைபேசி டோர்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்தால், உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை வேர் மாதிரி ஒன்று கிளை விட்டுப் பரவியிருக்கிறது. சிலந்தி நூலாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பூஞ்சணம்.

கொழும்புக்குக் கொடுத்து அனுப்பினேன். கழற்றித் துடைத்துத் தந்தார்கள், ஆனால் பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சையும் தின்றுவிட்டது, அந்தத் தழும்பு இனிப் போகாது என்றார்கள். இன்றைக்கும் அந்த லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளிறிப் போகும். ஒரு வருடம் காசு சேர்த்து வாங்கிய லென்ஸ் அது.

திருகோணமலையில் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் படம் எடுக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, அப்படியே இடையிடையே எனக்காகக் கடற்கரை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கமரா வாங்கலாம் என்றுதான். கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் வாங்கியதை இந்த ஊரில் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதை யாரும் கேட்பதில்லை. எடுத்த படத்தை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதை அதைவிடக் குறைவாகக் கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் பட்டுத்தான் தெரிந்தது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் இருட்டும் அசையாத காற்றும். கார்த்திகை, மார்கழியில் நம் வீடுகளில் உப்பு கசிகிறது, கதவு ஊதி இறுகுகிறது, வாரக்கணக்கில் தோய்த்த உடுப்புக் காய்வதில்லை. அதே காற்றுத்தான் உங்கள் லென்ஸுக்குள்ளும் இருக்கிறது. தோல் உறையும் துணிப் பையும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும், ஆகவே கமராப் பை என்பது கொண்டுபோகத்தான், வைத்திருக்க இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

வசதி இருந்தால், உள்ளே ஈரத்தைத் தானே குறைத்து வைக்கிற, கரண்டில் இயங்கும் ட்ரை கபினெட் ஒன்று வாங்கலாம். நான் வாங்க முதல் பல வருடம் பாவித்தது, மூடி இறுக்கமாகப் பூட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று. ஈரப்பதம் 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். 60ஐத் தாண்டினால் பயப்படுங்கள். 30க்குக் கீழே போகவும் விடக்கூடாது, ரப்பரும் உள்ளே பூசின கொழுப்பும் காய்ந்துவிடும். அரிசி போட்டு வைக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அரிசித்தூள் லென்ஸ் வளையத்துக்குள் போவதுதான் மிச்சம். சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறுகிற மணி வாங்குங்கள், எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று பார்த்த உடனே தெரியும். நீல மணியில் கோபால்ட் இருக்கிறது, நஞ்சு, அதை வறுக்கச் சமையல் சட்டியை எடுக்க வேண்டாம். செம்மஞ்சள் மணிதான் நான் பாவிப்பது, அதற்கென்று ஒரு பழைய தாச்சி வைத்திருக்கிறேன், இளஞ்சூட்டில் மெல்லக் கிளறினால் பழைய நிறம் திரும்பிவிடும். திரும்பின பிறகு ஆறவிட்டுப் பெட்டிக்குள் போட்டால் சரி.

2022இல் பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ட்ரை கபினெட் வெறும் அலுமாரிதான். அப்போது கை கொடுத்தது அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டி. அதனால் கபினெட் வாங்கினாலும் பெட்டியை எறியாதீர்கள். இன்னுமொன்று, வேலை இல்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு தடவை லென்ஸை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பத்து இருபது படம் எடுங்கள். பாவிக்கிற லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது அரிது.

அடுத்தது உப்பு. திருக்கடலூரில் கரைவலை இழுக்கிறதை எடுக்க ஒரு விடியற்காலை போயிருந்தேன். இருபது இருபத்தைந்து பேர், இரண்டு பக்கமும் கயிறு, ஒரே தாளத்தில் பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள், வலையின் மடி கரைக்குக் கிட்ட வர வரக் குரல் ஏறுகிறது. அந்த வேகத்தில் முழங்கால் தண்ணிக்குள் இறங்கி நின்று எடுத்தேன். லென்ஸின் முன் கண்ணாடியில் தூவானம் பட்டுப் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருந்தது. எனக்கு அவசரம், சேர்ட்டின் நுனியால் ஒரு துடை துடைத்தேன். அன்றைக்குப் பின்னேரம் கணினியில் பார்க்கும்போது, வெயிலுக்கு எதிரே எடுத்த எல்லாப் படத்திலும் அரைவட்டமாக மெல்லிய கீறல் வெளிச்சம். காய்ந்த உப்பு மணல் மாதிரி. காய்ந்தபடி துடைத்தால் கண்ணாடியைக் கீறும்.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் ஊதியால் நன்றாக ஊதுவது. பிறகு நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை அழுத்தாமல் வைத்து எடுப்பது, உப்பு கரைய நேரம் கொடுப்பது. பிறகுதான் லென்ஸ் துணி. கமரா உடம்பையும் வளையங்களையும் அதே ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைப்பேன். ட்ரைபொட் கடலுக்குள் இறங்கியிருந்தால் வீட்டில் வாளித் தண்ணியில் காலைக் கழற்றிக் கழுவுவேன், இல்லையென்றால் அடுத்த மாதம் திருகாணி இறுகிப்போய் நிற்கும். கடற்கரை வேலைக்கு மட்டும் லென்ஸுக்கு முன்னால் யூவி பில்டர் என்ற கண்ணாடியைப் போடுகிறேன். அது வெளிச்சத்துக்காக இல்லை, கீறல் விழுந்தால் அதில் விழட்டும் என்றுதான். இரவில் விளக்குகளுக்கு முன்னால் அதைக் கழற்றிவிடுவேன், இல்லாவிட்டால் விளக்கின் நிழலுரு ஒன்று படத்தில் மிதக்கும்.

காற்றையும் படியுங்கள். வாடை திரும்பினால் கடல் நுரை கரையைத் தாண்டி வீதிக்கே வரும், அந்த நாட்களில் கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது கடல் தட்டையாகக் கிடக்கும், பார்க்க வடிவு, ஆனால் தரையிலிருந்து புழுதியும் மணலும் பறக்கும், அப்போதும் மாற்றக்கூடாது. இரண்டு கமரா உடம்பு வைத்திருப்பதற்கு முதல் காரணம் எனக்கு இதுதான்.

கலியாண மண்டபத்திலிருந்து நேரே நிலாவெளிக்கு அவுட்டோர் சூட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். ஏசிக்குள் மூன்று மணித்தியாலம் இருந்த கமராவை வெளியே எடுத்த உடனே லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கும், மாப்பிள்ளை பொம்பிளை வெயிலில் காத்து நிற்பார்கள். மண்டபத்துக்குள் இருக்கும்போதே கமராவைப் பையில் போட்டு இறுக்க மூடுங்கள், வாகனத்திலும் ஏசியை நிறுத்திவிட்டு அரைமணித்தியாலம் மூடியபடி கொண்டுபோங்கள். வெளியே போய் இறங்கும்போது கமராவும் வெளிச் சூட்டுக்கு வந்திருக்கும். இதற்கு வேறு மருந்து இல்லை.

சரி, வெளிச்சம். நம் ஊர் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டில் இருக்கிறது, இரண்டு பக்கமும் கடல். இதைவிடப் படம் எடுக்கிறவனுக்கு என்ன வேண்டும்? காலைச் சூரியன் டச் பே பக்கம் கடலிலிருந்து ஏறும், பின்னேரம் அதே சூரியன் உட்துறைமுகத் தண்ணிக்கு மேலே இறங்கும், இரண்டுக்கும் இடையில் நடந்தே போகலாம். ஆனால் நேரம் கொஞ்சம்தான். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறபடியால் சூரியன் சரிந்து ஏறாமல் நெட்டுக்கு ஏறுகிறது. வைகாசியில் 5.45க்கு உதிக்கும், தையில் 6.25 ஆகும், உதித்து முக்கால் மணித்தியாலத்தில் அந்த மஞ்சள் போய் வெள்ளை வெயிலாகிவிடும். ஐரோப்பாவில் இருக்கிறவர் இரண்டு மணித்தியாலம் பொன் வெளிச்சம் என்று வீடியோவில் சொல்வதை வைத்து இங்கே நேரம் கொடுக்காதீர்கள். சோடியை அலங்காரம் முடித்து ஏழு மணிக்கு வரச் சொன்னால் வெளிச்சத்தைத் தவறவிட்டீர்கள். நான் விடியற்காலை சூட் என்றால் உதிக்க அரைமணித்தியாலம் முன்னமே இடத்தில் நிற்பேன், அந்த நீலத்தில்தான் கடலும் வானமும் ஒன்றாகத் தெரியும்.

நடுப்பகல் வேலை தவிர்க்க முடியாது, முகூர்த்தம் நம் வெளிச்சத்தைக் கேட்டு வைப்பதில்லை. உச்சி வெயிலில் லென்ஸை எஃப்2.8க்கு அகலத் திறந்து, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100இல் வைத்தால் ஷட்டர் வேகம் 1/3200 செக்கனுக்கு மேலே போகும். பிளாஷ் ஒத்துப்போவதோ பெரும்பாலான கமராக்களில் 1/200 வரைதான். நான்கு ஸ்டொப் வித்தியாசம், ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி. அதிவேக பிளாஷ் முறையில் எடுக்கலாம், ஆனால் பிளாஷின் பலம் நன்றாகக் குறைந்துவிடும், இரண்டு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்குள் வருகிற வெளிச்சத்தைக் குறைக்கிற நான்கு ஸ்டொப் என்டி பில்டர் ஒன்று அதைவிட நல்லது. அதுவும் இல்லையென்றால் சூரியனைச் சோடியின் முதுகுக்கு விடுங்கள், நிலாவெளி மணல் வெள்ளை, அதுவே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும், நாடிக்குக் கீழே நிழலே இருக்காது. பனைக்குக் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள், முகத்தில் புலிப் புள்ளி விழும். எனக்குப் பிடித்த இடம் பழைய வீடுகளின் விறாந்தை, கூரையின் விளிம்புக்கு ஒரு அடி உள்ளே. வெளி முற்றத்து வெளிச்சம் மெத்தென்று வந்து முகத்தில் படும். எந்தச் சொப்ட்பொக்ஸும் அதற்குக் கிட்ட வராது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நம் ஆட்களின் தோல் நிறத்தை நாமே கெடுக்கிறோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட் போட்ட மாப்பிள்ளையைக் கமரா தானாக அளந்தால், வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். அந்தப் பயத்தில் பிளாஷை நேரே முகத்தில் அடிக்கிறோம், நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும், பிறகு கணினியில் எல்லோரையும் வெளுக்க வைக்கிறோம். வேண்டாம். முகத்தில் மட்டும் ஸ்பொட்டாக அளந்து, கறுத்த முகமென்றால் அரையிலிருந்து ஒரு ஸ்டொப் குறையுங்கள், ஏனென்றால் கமரா அதையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெளிச்சத்தைப் பெரிதாக்கிப் பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள். கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் ஓடுகிற அழகு வெளுத்த தோலில் வராது, கன்னத்து எலும்பும் கழுத்தும் சிலை மாதிரி வரும். "கொஞ்சம் வெள்ளையா ஆக்கித் தாங்கோ தம்பி" என்று கேட்கிற தாய்மாரிடம் நான் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பெரும்பாலும் அவர்களே மற்றதைத்தான் எடுப்பார்கள்.

கூறைச் சிவப்பும் இதே மாதிரிக் கவனம் கேட்கும். பின்பக்கத் திரையில் வெளிச்ச அளவை வரைந்து காட்டுகிற சாதாரண ஹிஸ்டோகிராம் சரியாகத்தான் காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும், பிறகு பார்த்தால் நெசவும் சரிகையும் கரைந்து ஒரே சிவப்புத் தாளாக இருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், ஒரு ஸ்டொப்பில் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறையுங்கள், கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரோ பைலில் எடுங்கள்.

மணவறை விளக்குகள் இப்போது பெரிய தலையிடி. அலங்காரக்காரர் ஊதாவும் நீலமுமாக எல்ஈடி வைத்திருப்பார், பின்னால் இருக்கும்வரை வடிவு, முகத்தில் பட்டால் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. முதல்நாளே அவரிடம் போய், முகூர்த்த நேரம் முன்பக்க நிற விளக்குகளை நிறுத்திவிடுங்கள் அண்ணை என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை. ஐயரிடமும் முன்கூட்டிக் கேட்பேன், மாப்பிள்ளை எந்தப் பக்கம் நின்று தாலி கட்டுவார், விளக்குப் பிடிக்கிறவர் எங்கே நிற்பார் என்று. அந்த இரண்டு கேள்விக்குக் கிடைக்கிற பதில் ஒரு புது லென்ஸுக்குச் சமம்.

மிரர்லெஸ் கமராவுக்கு மாறின புதிதில், சத்தம் வராத ஷட்டர் கிடைத்ததே என்று சந்தோசத்தில் கோயில் கலியாணம் ஒன்று முழுவதையும் அதில் எடுத்தேன். பாதிப் படத்தில் குறுக்கே வரி வரியாகக் கறுப்புப் பட்டை. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தடவை மின்னி அணைகின்றன. சத்தமில்லாத ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக மெல்ல வாசித்துக்கொண்டு போகிறது, ஒரு வரி விளக்கு எரியும்போதும் அடுத்த வரி அணையும்போதும் விழுகிறது. அப்படியான வெளிச்சத்தில் சாதாரண ஷட்டரில், 1/100 அல்லது 1/50இல் எடுங்கள், பிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் பகல் வெளிச்சத்துக்கும் தீப வெளிச்சத்துக்கும் நல்லது.

தீப வெளிச்சம் என்றதும் சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருகிற இரவுகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம், குத்துவிளக்கு, சுவாமி வரக் காத்திருக்கிற முகங்கள். எல்லோரும் சுவாமியையே எடுப்பார்கள், நான் திரும்பி நின்று வாசல்களை எடுப்பேன். 35 மில்லிமீற்றர், எஃப்1.8, ஐஎஸ்ஓ 3200, பிளாஷ் இல்லை. நிறத்தைச் சமப்படுத்துகிற வைட் பலன்ஸைத் தானியங்கியில் விட்டால் கமரா அந்த மஞ்சளைக் கழுவி வெள்ளையாக்கிவிடும். விளக்குத் தீயின் நிறம் 1900 கெல்வினுக்குக் கிட்ட, நான் 3000க்கு மேலேதான் வைப்பேன், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கட்டும். ஒரு முறை ஒரு வாசலில் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த தாத்தா ஒருவர், பிள்ளையின் இரண்டு கையையும் தன் ஒரு கைக்குள் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தார். ஒரு செக்கன்தான். சுவாமிக்கு முதுகு காட்டி நின்றதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன், அந்த வருடம் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். மூலஸ்தானத்துக்குள் கமராவைத் தூக்காதீர்கள், சொல்லாமலே தெரிய வேண்டியது.

ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிந்து அனுமதி எடுக்காமல் பறக்க விடாதீர்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை. கோணேசர் மலையை மேலிருந்து எடுக்க ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, ஆசைக்காகக் கமராவையும் தொழிலையும் இழக்கக் கூடாது.

இனி எழுதப் போவதுதான் எனக்கு எழுதக் கடினம்.

என் முதல் கமரா நிக்கோன் டி90. நல்ல கமரா, ஒரேயொரு காட் போடுகிற இடம். ஒரு கலியாணத்தில் முகூர்த்தம் முழுவதையும் ஒரே மெமரி காட்டில் எடுத்தேன், பெரிய காட், இடையில் மாற்ற வேண்டியதில்லை என்று. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் காட் திறக்கவில்லை. இன்னொரு கணினி, இன்னொரு ரீடர். இல்லை. அப்போது நான் செய்த ஒரேயொரு சரியான காரியம், அந்தக் காட்டில் மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் எடுத்து வைத்தது. மீட்கிற மென்பொருள் போட்டு இரண்டு இரவு இருந்ததில் முதல் 140 படங்கள் வந்தன. மாப்பிள்ளை அழைப்பு, கன்னிகாதானம் வரை. கூறை மாற்றி வந்ததிலிருந்து ஆரத்தி வரை ஒன்றுமே வரவில்லை.

தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை, நேரே பொம்பிளை வீட்டுக்குப் போனேன். தகப்பனார் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, எழும்பி வளவுக்குப் போய்விட்டார். அந்தத் தங்கச்சி மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, தாலி கட்டேக்க நான் அழுதனான் எண்டு எல்லாரும் சொல்லுகினம். எனக்குத் தெரியேல்ல. அது எடுத்தனீங்களோ?" எடுத்தேன். பார்த்தும் எடுத்தேன். இப்போது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

வாங்கின முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வந்திருந்த உறவுக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்க் கைபேசியில் எடுத்ததை வாங்கிச் சேர்த்து ஒரு அல்பம் செய்து கொடுத்தேன். அதில் அவள் முகம் தெரிகிற படம் இரண்டுதான், இரண்டிலும் அழுகை தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு காட் போடுகிற இடம் இல்லாத கமராவைத் தொழிலுக்குத் தொட்டதில்லை. கையில் காசு இருந்த அன்றைக்கு 70-200 லென்ஸ் வாங்குவதா, இரண்டு காட் போடுகிற பழைய டி750 ஒன்று வாங்குவதா என்று வந்தபோது டி750ஐத்தான் எடுத்தேன். ஒரே படம் இரண்டு காட்டிலும் ஒரே நேரத்தில் விழும்படி வைத்திருக்கிறேன், இரண்டாவது காட்டை முதலாவது நிரம்பியபின் பாவிக்கும்படி வைக்கிறவர்கள் தயவு செய்து மாற்றுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360க்கு ஏறி, கமரா விலையைக் கேட்கவே பயமாக இருந்த காலத்தில் தொழில் தொடங்கிய தம்பி ஒருவனுக்கும் இதையேதான் சொன்னேன். பழைய உடம்பு, இரண்டு காட், ஒரு 50 மில்லிமீற்றர் எஃப்1.8 லென்ஸ், ஒரு நல்ல பிளாஷ், அதற்கு ஒரு வெள்ளைக் குடை. இதில் ஒரு கலியாணத்தை முழுவதாக எடுக்கலாம். மற்றதெல்லாம் உழைத்து வாங்கலாம்.

அன்றிரவே, சாப்பிட முன், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவேன். ஏற்றி, திறந்து பார்த்து, பிறகுதான் சாப்பாடு. காட்களை அல்பம் கையில் கொடுக்கும்வரை அழிப்பதில்லை. இரண்டு டிஸ்க்கில் ஒன்று வீட்டில் இருக்காது, அடுத்த நாள் காலையில் அதைக் கன்னியா வீதியில் இருக்கிற அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். அக்கா வீடு ஏன் என்றால், அது கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது. நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு எத்தனை வீட்டில் அல்பம் இல்லாமல் போனது என்பது பிந்தி இந்தத் தொழிலுக்கு வந்த எனக்கு, என்னிடம் வந்த பழைய படங்களைப் பார்த்துத்தான் புரிந்தது. போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தவையும் சேர்த்து. இன்றைக்கும் வருடத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள், ஒரு பொலித்தீன் பைக்குள் ஒரேயொரு படம், தண்ணி பட்டு ஓரம் உரிந்து, சில வேளை கண்ணாடியோடே ஒட்டிப்போய். இதற்கு ஸ்கேனர் வேண்டாம், கமராவே போதும், எப்படியென்று சொல்லுகிறேன், நீங்களும் உங்கள் ஊரில் செய்து கொடுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டின படத்தை உரிக்க முயலவே வேண்டாம், படம் கண்ணாடியில்தான் மிஞ்சும், தாளில் இல்லை. கண்ணாடியோடே எடுங்கள். படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கமராவை மேலே ட்ரைபொட்டில் நேர் கீழே பார்க்கப் பூட்டுங்கள். நேராக இருக்கிறதா என்று அறிய, படம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்துக் கமராவுக்குள் பாருங்கள், லென்ஸின் நிழல் சரி நடுவில் தெரிந்தால் நேர். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. கமராவைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி, நடுவில் லென்ஸுக்கு ஓட்டை, அப்போதுதான் கமராவின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழாது. எஃப்8, ஐஎஸ்ஓ 100, கையால் அமுக்காமல் டைமரில். மூன்று நான்கு வெளிச்ச அளவில் எடுத்து வையுங்கள். பிறகு கணினியில் கறையை எடுப்பது, இது பொறுமையான வேலை, ஒரு முகத்துக்கு எனக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போகும்.

போன வருடம் சல்லிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கணவரின் படம், அடையாள அட்டைக்கு எடுத்த அளவுதான், வேறு படமே இல்லையாம். இடப்பக்கம் முழுக்கத் தண்ணிக் கறை, பொட்டுப் பொட்டாகப் பழுப்பு. நான் எடுத்து, மூன்று இரவு இருந்து கறை ஒவ்வொன்றாக நீக்கி, முகத்தைத் துப்புரவாக்கி, எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சடித்து வைத்திருந்தேன். நல்லாக வந்திருக்கிறது என்று எனக்கு நல்ல திருப்தி.

அவர் வாங்கி யன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு விரலைப் படத்தின் இடக் கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே வைத்தார்.

"தம்பி, இவற்ற மச்சம் எங்க?"

பழைய படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறைப் பொட்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் கொஞ்சம் கறுப்பு, விளிம்பு கூராக இருந்தது. அதையும் கறையென்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறேன். "இருங்கோ அம்மா" என்று கதிரையை இழுத்துக் கணினிக்குப் பக்கத்தில் போட்டேன். முதல் எடுத்த பைல் இருந்தது, அழிக்கவில்லை. திறந்து, அந்த ஒரு இடத்தை மட்டும் அதிலிருந்து திரும்பக் கொண்டுவந்தேன். அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, "இன்னும் கொஞ்சம் கீழ இருந்ததோ" என்றார், பிறகு பழைய படத்தைப் பார்த்து, "இல்ல, இதுதான், இதுதான்" என்றார். மறுபடி அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வரும்வரை அந்தச் சின்னப் படத்தைப் பொலித்தீன் பைக்குள் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.